இம்மாகுலேற் போட்ட முடிச்சு

பாரிசின் லா சப்பலில் தையல்கடை வைத்திருக்கும் இம்மாகுலேற் போட்ட முடிச்சைப் பதினைந்து வருடமாக ஒருவராலும் அவிழ்க்க முடியவில்லை. தீயணைப்புப் படை இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பிப் போனது. முதல் தடவை ஒரு மணப்பெண், முதுகுக் கயிறு அவிழாமல், கல்யாணச் சட்டையோடு இரண்டு நாள் இருந்து கடைசியில் நெளிந்து வெளியே வந்தாள். இரண்டாம் தடவை, கதவில் சிக்கிய, அவர் தைத்த துணிப்பையின் வார் அறாததால் ஒரு பேருந்து அரைமணி நேரம் அசையவில்லை. முடிச்சுகளை அவிழ்க்கும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தவர்களும் உண்டு. மாதாவே இந்தப் பக்கம் வருவதில்லை என்று தெருவில் பகிடி விட்டார்கள். ஆனாலும் சட்டை தைக்கப் புறநகர்களான சார்செல்லில் இருந்தும் ஆர்ஜொந்தெய்யில் இருந்தும் அவரிடம்தான் வந்தார்கள்.

இது எங்கே தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதம், கணவரைப் போரில் பறிகொடுத்த மறுநாள், இம்மாகுலேற் மூன்று வயது மகள் லெத்திசியாவைச் சேலைக் கிழிசலால் வயிற்றோடு கட்டிக்கொண்டு நந்திக்கடலைக் கடந்தார். கரையேறிய பிறகு முடிச்சு அவிழவில்லை. முகாமில் ஒரு தாதி இரண்டு கத்தரிக்கோலை முறித்ததுதான் மிச்சம். பிள்ளை மெலிந்து மெலிந்து ஒருநாள் அந்தக் கட்டுக்குள்ளிருந்து தானாக நழுவினாள். அந்தத் துண்டு, முடிச்சோடு, பாரிசுவரை வந்து தையல் மெஷின் லாச்சியில் கிடந்தது.

அந்த லெத்திசியா பத்தொன்பது வயதில், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, பறக்கிற விமானத்தின் இறக்கைமேல் நிற்கப் போவதாகப் பிரெஞ்சில் சொன்னாள். ஒன்றரை வருடமாகத் தாய்க்குத் தெரியாமல் பழகியிருக்கிறாள். இம்மாகுலேற் சண்டை பிடிக்கவில்லை. இடுப்பில் கட்டுகிற பட்டியைக் காட்டச் சொன்னார். காட்டியதும், இது பாவாடை நாடாவுக்கும் உதவாது என்று தள்ளிவிட்டு, ஒரு கிழமை இருந்து தானே ஒன்று தைத்தார். விமானக்காரர் ரொபேர், எழுபது வயது, இரண்டடுக்கு இறக்கை வைத்த பழைய விமானம் ஒன்றின் சொந்தக்காரர். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகத்தில் மழைத்துளியும் கல்லாக அடிக்கும் என்பதால் நாலு அடுக்கு உடுப்பும் கண்ணாடியும் காதடைப்பானும் இல்லாமல் ஒருவரையும் மேலே ஏற்றமாட்டார். மேலிறக்கையில் சாய்ந்து நிற்க நட்ட இரும்புக் கம்பத்தை, பறக்கும் நாளில் மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பார். இம்மாகுலேற் தைத்த பட்டியில் அவர் ஒரு வாகனத்தையே கட்டித் தூக்கினார். தாங்கியது. பிறகு அவிழ்க்கப் பார்த்தார். பின்னேரம்வரை பார்த்துவிட்டு, முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதை லெத்திசியாதான் தாய்க்குச் சொன்னாள்.

“மேலை நிக்கேக்க அவிழக்கூடாது. கீழை வந்தா ஒரே இழுவையிலை அவிழ வேணும். விடத் தெரியாத பட்டியும் ஆளைக் கொல்லும் எண்டு சொல்லுறார், மமா.”

இம்மாகுலேற் கடையை மூன்று கிழமை பூட்டினார். உள்ளே அந்தப் பட்டியோடு கதைத்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்து மரக்கறிக்கடைக் கரிகாலன் சொன்னார். நாலாம் கிழமை ரொபேர் அந்தப் பட்டியில் அரிசி மூட்டைகளைக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டார். தொங்கும்போது முடிச்சு இரும்பாக இருந்தது. மூட்டை தரையைத் தொட்டதும் ஒரு விரலுக்கு அவிழ்ந்தது. பதினொரு தடவை பார்த்து, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அவருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

செப்டெம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் லா சப்பலில் இருந்து நாலு வான் நிறையச் சனம் விமானத் திடலுக்குப் போனது. எல்லோரும் இம்மாகுலேற் தைத்ததையே உடுத்தியிருந்தார்கள். ரொபேர் கம்பத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கரிகாலன் விமானத்தின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, ஓடுபாதையில் ஓங்கித் தேங்காய் அடித்தார். ரொபேர் தலையில் கை வைத்துக்கொண்டார். கரிகாலனுக்குக் குற்றம் விளங்கவில்லை.

“காருக்கே உடைக்கிறம், பிளேனுக்கு உடைக்காம விடுறதே?”

உடைந்த சிரட்டை சில்லில் குத்தும், காற்றாடி அதை இழுத்து எறியும் என்று ரொபேர் விளக்கிய பிறகு, பட்டுச்சேலையும் காற்சட்டையுமாக நாற்பத்தொரு பேர் குனிந்து நாற்பது நிமிடம் சிரட்டை பொறுக்கினார்கள். ஒரு துண்டு தப்பிவிட்டது.

லெத்திசியா பறந்தாள். கையை விரித்து, கால் அகட்டி, வானத்தைச் சொந்தமாக வாங்கியவளாக நின்றாள். விமானம் தலைகீழாகப் புரண்டபோது சனம் மூச்சை நிறுத்தியது. நிமிர்ந்தபோது, எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை என்று தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லியது. சொல்லத்தானே வேண்டும். இறங்கும்போது அந்தச் சிரட்டைத் துண்டு சில்லைக் கிழித்தது. விமானம் மூக்கைத் தரையில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெற்றோல் ஒழுகியது. லெத்திசியா பட்டியில் தொங்கினாள். கால் தரையில் படவில்லை. அவள் இன்னும் வானத்தில்தான் இருக்கிறாள் என்று முடிச்சு நம்பியது. ரொபேர் குதித்து வந்து இழுத்தார், கத்தி வைத்தார், கத்தி முறிந்தது. சனமெல்லாம் விமானத்தை நோக்கி ஓடியது. இருநூறு மீற்றர் தள்ளி, கயிற்று வேலியருகே நின்ற இம்மாகுலேற் மட்டும் ஓடவில்லை. முடிச்சு யாருக்குக் கட்டுப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை அவர் பதினாறு வருடமாகச் சொன்னதில்லை. சாதாரணக் குரலில் சொன்னார்.

“பிடிச்சது காணும். இனி விடு.”

பட்டி விட்டது. லெத்திசியா ரொபேரின் தோளில் விழுந்து, இருவரும் முப்பது அடி ஓடியபோது விமானம் தீப்பிடித்தது. அதே நொடியில் இம்மாகுலேற் அதுவரை போட்ட தையல் எல்லாம் அவிழ்ந்தது. பெண்கள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைதட்டினார்கள். கரிகாலன் காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, வெட்கத்திலும் சந்தோசத்திலும் அழுதார். கார்ஜ் லே கொனெஸ் ரயில் நிலையத்தில் யாரோ ஒருவரின் பை வார் விட்டு, மேடை முழுக்க வெங்காயம் உருண்டது. முறைப்பாடு செய்ய ஒருவரும் வரவில்லை. தன் சட்டை அந்தப் பிள்ளைக்காக அவிழ்ந்தது என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்கள் சார்செல்லில் மட்டும் இருபது பேர் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை லாச்சியைத் திறந்தபோது சேலைத் துண்டும் அவிழ்ந்து கிடந்தது. இம்மாகுலேற் அதை உதறி, மடித்து, மெஷின் துடைக்க எடுத்துக்கொண்டார். அடுத்த கோடையில் லெத்திசியா வேறு விமானத்தில், தாய் திரும்பத் தைத்துக் கொடுத்த அதே பட்டியோடு ஏறினாள். கரிகாலன் தேங்காயைத் தன் கடைவாசலிலேயே உடைத்தார். இப்போது சட்டை தைக்கக் கொடுத்தால் இம்மாகுலேற் கை அளவும் கழுத்து அளவும் எடுத்த பிறகு, முடிச்சு எப்போது விட வேண்டும் என்று கேட்பார். அதையும் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும், கொப்பியில் எழுதிக்கொள்வார்.