என் மனைவி பெரியம்மா ஆனாள்

என் மனைவி ஆரம்பப் பள்ளி டீச்சர். பத்தொன்பது வருடமாக இரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் எல்லாம் பாஸாகிப் போகிறார்கள், நீ மட்டும் அதே வகுப்பில் ஃபெயிலாகிக் கிடக்கிறாய் என்று கிண்டல் செய்வேன். நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்விட்டுக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற ஆள் பேசாதீங்க என்பாள்.

சின்ன வயதில் அவளுக்குத் திக்குவாய். வகுப்பில் வரிசையாக எழுந்து வாசிக்கும்போது இவள் முறை வந்தால், "நீ உக்காரு, அடுத்தது" என்று தாண்டிப் போய்விடுவார்களாம். வீட்டில் இவள் வாசிப்பதைக் கேட்க ஒன்பது வயது இளைய தங்கை ஒருத்திதான் இருந்தாள். தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தைக்குப் பாடப் புத்தகத்தை வாசித்து வாசித்துத்தான் நாக்கு இவளுக்கு வசப்பட்டது. "அவ சிரிக்கவும் மாட்டா, அவசரப்படுத்தவும் மாட்டா" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் இவள் வகுப்பில் தினமும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியாவது சத்தமாக வாசித்தாக வேண்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள். பாடம் முடியவில்லை என்று தலைமையாசிரியை திட்டுவார். திட்டட்டும் என்று விட்டுவிடுவாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை.

தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவள் மனம் நிலைகுலைந்தது. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, குழந்தையைக் கண்டாலே பயந்தாள். அவள் கணவன் அதற்கு முன்பே கை கழுவிவிட்டுப் போயிருந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நாற்பத்திரண்டு நாள் குழந்தையை ஒரு துண்டில் சுற்றி என் மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "நாலு மாசம்தாங்க" என்றாள் என்னிடம். நாலு மாதம் ஆறரை வருடம் ஆனது.

குச்சிபோல இருந்துகொண்டு எல்லோரையும் குத்திக்கொண்டே இருப்பாள் என்பதால் குழந்தைக்குக் குண்டூசி என்று செல்லப் பெயர் வைத்தோம். பேச்சு வந்தபோது 'பெரியம்மா' என்று சொல்லிக்கொடுத்தோம். குட்டி வாய்க்கு வாலைத்தான் பிடிக்க முடிந்தது. "ம்மா" என்றாள். ஒரு வாரம் திருத்திப் பார்த்தோம். பிறகு நானும் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. பிள்ளைகளின் தப்பைத் திருத்துவதையே தொழிலாக வைத்திருப்பவள், அந்த ஒரு தப்பை மட்டும் திருத்தவில்லை.

அவள் அம்மாவானதும், பெற்றவள் தானாகவே சித்தி ஆகிவிட்டாள்.

தங்கை தேறினாள். அதற்கு நாலு வருடம் பிடித்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரம் தள்ளி இருந்த ஓர் ஊரில், ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்து, தனியாக ஒரு வீடும் எடுத்தாள். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை குழந்தைக்கு ஒரு கவுனோடு வருவாள். ஒவ்வொரு முறையும் கவுன் ஒரு அளவு சின்னதாக இருக்கும். "பரவால்ல, இழுத்து விட்டா சரியாயிடும்" என்பாள் என் மனைவி.

குண்டூசி இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது எங்களுக்கே சிரிப்பு. இருப்பது ஒரே செக்‌ஷன். வீட்டில் அம்மா, பள்ளி கேட்டுக்குள் நுழைந்தால் டீச்சர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். முதல் வாரமே வாசிக்கும்போது தடுமாறி, "அம்மா, இது என்ன எழுத்து?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்ததாம். அன்று மாலை என்னிடம் வந்து முறையிட்டாள்.

"எல்லாரும்தான்ப்பா டீச்சரை அம்மான்னு கூப்பிட்டுடறாங்க. அவங்க சொல்றதுதான் தப்பு. நான் சரியாத்தானே சொன்னேன்?"

அரையாண்டு விடுமுறையில் தங்கை வந்தாள். குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, அவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"வருஷம் முடியட்டுமே."

"போன வருஷமும் இதைத்தான் சொன்ன."

நான் குறுக்கே விழுந்தேன். "அவளுக்கு உன்கிட்ட அவ்வளவா பழக்கமில்லையேம்மா."

"பழக விட்டீங்களா மாமா?" அவள் குரல் உயரவில்லை. "நான் பெத்த பிள்ளை என்னை சித்தின்னு கூப்பிடுது. நானும் ஃபோன்ல, 'கண்ணு, சித்தி பேசறேன்டா'ன்னு சொல்லியிருக்கேன். என் வாயாலேயே. நோயாளிதானே, எனக்கென்ன உரிமைன்னு பேசாம இருந்தேன். நீ ஒரு தடவையாவது அவளைத் திருத்தினியா அக்கா? டீச்சர்தானே நீ?"

என் மனைவி வாயைத் திறந்தாள். "தி..." என்றாள். "தி... தி..." முப்பது வருடத்துக்கு முன் விட்டுப் போனது திரும்பி வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். தங்கை கையை நீட்டி என்னைத் தடுத்தாள். அக்காவின் முகத்தையே பார்த்தபடி, அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"திருத்தல" என்றாள் என் மனைவி கடைசியில். "தப்பு என்னோடதுதான். கூட்டிட்டுப் போ."

குழந்தைக்குச் சொல்லும் வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள். மறுநாள் காலை தலை பின்னிவிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். நான் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற சாக்கில் அங்கேயே இருந்தேன். யார் வயிற்றிலிருந்து வந்தாய், அப்போது அவளுக்கு ஏன் உடம்பு சரியில்லை, இப்போது எப்படிச் சரியானது எல்லாவற்றையும் பாடம் நடத்துவதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப சித்திதான் அம்மாவா?"

"ஆமா."

"அப்ப நீ யாரு?"

"பெரியம்மா."

குண்டூசி யோசித்தாள். "பெரிய அம்மான்னா நீதானே பெருசு? சரி, நான் பெரிய அம்மாகிட்டயே இருந்துக்கறேன்."

பின்னிய ஜடையை என் மனைவி அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள், மறுபடி அவிழ்த்தாள்.

புறப்பட்ட அன்று குழந்தை அழவில்லை. ஜன்னல் சீட்டு வேண்டும் என்று மட்டும் அடம் பிடித்தாள். பஸ் நகரும்போது, "நீங்க எந்த பஸ்ஸுல வருவீங்க?" என்று கத்தினாள். "அடுத்த பஸ்ஸுல" என்று நான் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்காக என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பள்ளி திறந்தது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டால், வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்க வேண்டியது வகுப்பாசிரியைதான். பதினேழாவது பெயர் மேல் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால் கோடு போட்டாள். மறுநாள் பெயர் கூப்பிடும்போது, கோட்டைப் பார்த்துக்கொண்டே பழக்கத்தில் அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டாளாம். ஒரு சிறுமி எழுந்து, "அவ அவங்க அம்மாகிட்ட போயிட்டா டீச்சர்" என்றாளாம். "ஆமா" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டைக் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இதை என்னிடம் சொன்னாள்.

முதலில் தினமும் ஃபோன் செய்தோம். ஒருநாள் தங்கையே அழைத்தாள். "தப்பா நினைக்காத அக்கா. நீ பேசி வெச்சதும் ரெண்டு மணி நேரம் அழறா. என்கிட்ட வர மாட்டேங்கறா. கொஞ்ச நாள் கூப்பிடாம இரேன்." அவள் கேட்டதில் தவறில்லை. கூப்பிடாமல் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி ஃபோனை என் சட்டைப்பையில் போட்டு, "எங்கேயாவது போயிட்டு வாங்க" என்று வெளியே அனுப்பிவிடுவாள். நான் பூங்காவில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றரை வருடம் கழித்து இருவரும் இரண்டு நாள் தங்க வந்தார்கள். குண்டூசி உயர்ந்திருந்தாள். முடியைக் கத்தரித்திருந்தாள், முன்பல் புதிதாக முளைத்திருந்தது. அம்மாவும் மகளும் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்களுக்குப் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. தங்கையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மத்தியானம் குழந்தை ஃப்ரிட்ஜ் முன் வந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, தண்ணி எடுத்துக்கலாமா?"

ஓர் எழுத்துக்கூட விழுங்காமல், சுத்தமாகச் சொன்னாள்.

"எடுத்துக்கோம்மா" என்றாள் என் மனைவி. பிறகு காயாத துணியை எடுக்கப் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"நல்லா வளக்கறா" என்றாள். "கேட்டு எடுக்கறா பாருங்க. நம்மகிட்ட இருந்தப்ப கேக்கவே மாட்டா. திறந்து போட்டுட்டு ஓடிடுவா. எத்தனை தடவை கத்தியிருப்பேன்..."

ஈரத் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே ஃப்ரிட்ஜ் கதவு மெதுவாக, கவனமாக மூடும் சத்தம் கேட்டது.