ஒன்பது மில்லிசீவர்ட்

நாலு மணிக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். இப்போதே மூணே கால்.

உமைரா செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேத் லேப் நர்ஸ். எக்ஸ்ரேயில் பார்த்தபடியே இதயக் குழாய் அடைப்பை நீக்கும் அறை அது. மூன்று மாதக் கர்ப்பம். காலையில்தான் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அவளுடைய பேட்ஜின் காலாண்டு அளவு வந்திருந்தது. ஒன்பது மில்லிசீவர்ட். கருவுக்கு வரம்பு ஒரே ஒரு மில்லிசீவர்ட்.

போன் அதிர்ந்தது. கணவன் ஆஷிக். தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருப்பவன்.

"ஏளா, டாக்ஸி சொல்லிட்டேன். கெளம்பு. கலைச்சிருவோம், வேற வழியில்ல."

"பத்து நிமிஷம் மச்சான். பத்ரி சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"அவரு என்னத்த சொல்லப்போறாரு? அரே, ஒம்போதுன்னா ஒம்போதுதானே!"

கட் செய்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படிகளில் இறங்கினாள்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி பத்ரிநாராயணன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். நீட்டிய தாளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"பேட்ஜை எங்கே குத்திண்டே?"

"காலர்ல சார்."

"ஈய ஏப்ரனுக்கு உள்ளயா, வெளியிலயா?"

"வெளியிலதான். உள்ள குத்துனா, பேட்ஜ் எங்கன்னு சிஸ்டர் இன்சார்ஜ் சத்தம் போடுதாங்க."

"உள்ளே, நெஞ்சுகிட்டன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" மேஜையைத் தட்டினார். "இது ஏப்ரனுக்கு வெளியில பட்ட அளவு. உடம்புக்கு ஒரு அளவு, கண்ணுக்கு ஒண்ணு, கருவுக்கு ஒண்ணு. ஒரே பேட்ஜை வெச்சிண்டு மூணையும் ஊகிக்கறோம். ஈயத்தைத் தாண்டி வயித்துக்குப் போனது கால் மில்லி இருக்கலாம்."

"இருக்கலாமா? நிச்சயமாச் சொல்லுங்க சார்!"

"வயித்துக்குள்ள மீட்டர் வெக்க முடியாதும்மா. கணக்குதான். ஆனா ஒண்ணைத் தொடாது. இதுக்காகக் கலைக்க ஒரு காரணமும் இல்லே. எழுதியே தரேன்."

உமைரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது.

"ஈயக் கண்ணாடி போடறியோ?"

"என் பவர் கண்ணாடி மேல நிக்க மாட்டேங்கு சார். போடுறதில்ல. ஏன்?"

அவர் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"காலர் கண்ணுக்குப் பக்கம். இந்த ஒன்பது வயித்துக்குப் பொருந்தாது. கண்ணுக்குப் பொருந்தும். அதுக்கு வரம்பு வருஷத்துக்கு இருபதுதான். தாண்டினா புரை விழலாம். நீ மூணு மாசத்துலயே கிட்டத்தட்டப் பாதி..."

போன் மறுபடி அதிர்ந்தது.

"டாக்ஸி கேட்டுல நிக்கி! எங்க இருக்கே?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல மச்சான். அந்த டாக்டர் வேண்டாம்."

"யா அல்லா! அப்ப டாக்ஸியை அனுப்பிரட்டுமா?"

"இருக்கச் சொல்லுங்க," என்றாள் உமைரா, கண்ணாடியைக் கழற்றியபடி. "கண் டாக்டர்கிட்ட போவணும்."