ஐந்து வருடத்துக்கு முந்தைய ஓட்டு

...ஓட்டுப் போட்டேன் என்றால் எல்லைக்குப் பஸ், போடவில்லை என்றால் வீடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான்... பஸ் என்றால் பிள்ளைகள் தங்கள் அப்பாவோடு இங்கே, நான் மட்டும் அங்கே, அஸ்மாராவில் எனக்கு யார் இருக்கிறார்கள்? பிறந்ததிலிருந்து நாற்பத்தொரு வருடமாக அடிஸ் அபாபாதான், எரித்ரியாவிலிருக்கும் அஸ்மாரா என் அப்பாவின் ஊர், நான் பார்த்ததுகூட இல்லை. எரித்ரியா தனி நாடாகலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது இங்கேயே சாவடி போட அனுமதித்தது இதே அரசாங்கம்தானே? அப்பாவுக்கு முட்டிவலி, கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன், வந்ததுதான் வந்தாய் நீயும் போடு என்றார், போட்டேன், அன்று அது குற்றமில்லை, விருந்து! தெருவே வந்து கோழிக்குழம்பும் இஞ்செராவும் தின்றது, இதோ பதிவு மேஜைக்குப் பின்னால் பேனாவைக் கடிக்கிறானே ஷிமெலிஸ், இவன் மூன்று முறை குழம்பு வாங்கினான், தோளைக் குலுக்கி ஆடினான். இப்போது யாருமே பார்த்திராத ஏதோ ஒரு பொட்டல் கிராமத்துக்காக இரண்டு நாடும் குண்டு போட்டுக்கொள்கின்றன, நான் அந்நிய நாட்டுக்காரியாம். தெருவின் சாவுச் சங்கத்துப் பெரிய பானைகள் இருபது வருடமாக என் வீட்டில்தான் இருந்தன, போன வாரம் பக்கத்து வீட்டு மூலு வந்து, “கோவிச்சுக்காதக்கா, மேலேருந்து சொல்லிட்டாங்க” என்று தூக்கிக்கொண்டு போனாள். அப்பா செத்தபோது அதே பானைகளில் மூன்று நாள் சமைத்துப்போட்டவள், என்னைவிடச் சத்தமாக அழுதவள்... சே.

“லெத்தே அக்கா, ஓட்டுப் போட்டீங்களா?” என்று ஷிமெலிஸ் ஊருக்கே கேட்கும்படி கேட்டான், பிறகு குனிந்து, “இல்லன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“நீயும் வந்து சாப்பிட்டியேடா?”

“சாப்பிட்டதைப் பத்தி ஃபாரத்துல கேள்வி இல்லக்கா.”

அறையலாம் போலிருந்தது. இல்லை என்றேன், எழுதினான், முத்திரை குத்தினான், அவ்வளவுதானா, இதற்கா ஒரு வாரமாகத் தூங்கவில்லை? எனக்குப் பின்னால் நின்ற தையல்காரர் ஹப்தே நகர்ந்து மேஜைக்கு வந்தார். எங்களோடு அன்று ஓட்டுப்போட வந்தவர், எல்லாம் கேட்டிருப்பார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“போட்டேன் தம்பி” என்றார், “பொய் சொல்ற வயசில்ல.”

“கூட யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரல. தனியாத்தான் போனேன்.”

பொய் சொல்ல மாட்டாராம், கிழவர்! அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சாவடிவரை நடந்தவர் அவர்தான், திரும்பிப்போய் நானும்தான் போட்டேன் என்று சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் கால்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டன, பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்திருப்பார்கள், நின்றுகூடப் பார்க்காமல் நடக்கிறேனே, என்ன ஜென்மம் நான்...