நூறு மீட்டருக்குள் இருவர்

அந்தமான் நிக்கோபார் தீவுகள் அத்தனையிலும், ஆள் இல்லாத தீவுகளையும் சேர்த்து, யோகராஜைத் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. இதைச் சொன்னவன் யோகராஜ். சொன்ன இடம், போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே போகும் கப்பலின் மேல்தளம். கேட்டுக்கொண்டிருந்தவை ஒரு கூடைக் கோழிகளும் அவற்றின் சொந்தக்காரர் அழகையாவும். கோழிகள் மறுக்கவில்லை.

"அலை அடிச்சா எல்லாருக்கும் வாய் மூடிக்கும். ஒனக்கு மட்டும் தொறக்குது" என்றார் அழகையா.

"சிரிங்கண்ணே. போர்ட் பிளேர்ல, ஜங்லிகாட்ல என் பக்கத்து வீட்ல ஜெபராஜ்னு ஒரு ஆளு. சாயங்காலமானா டம்ளரத் தூக்கிட்டு வீடு வீடா சீனி கேட்டுப் போவாரு. வீட்ல சீனி இருக்கும்ணே! பேச ஆள் வேணும், அதுக்கு ஒரு டம்ளர். இதெல்லாம் ஒரு பொழப்பா? ஊரு நம்மளத் தேடி வரணும்."

யோகராஜின் பிழைப்பு வேறு. போர்ட் பிளேரில் கொடுத்ததை ஹட் பேயில் சேர்ப்பான். ஹட் பேயில் கொடுத்ததைப் போர்ட் பிளேரில் சேர்ப்பான். பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி, கல்யாணப் பட்டு, ஒருமுறை பல் செட். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது, கூலி கைக்குக் கை. தங்கச் சங்கிலியைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் அவனிடம் கொடுத்தனுப்புவார்கள். வாரத்தில் நாலு நாள் கப்பல், மீதி நாள் கப்பலுக்குக் காத்திருப்பது. நடுவில் எப்போதாவது வீடு.

வீடு, டிக்கெட் ஏஜென்சியில் சம்பளத்துக்கு இருந்த காலத்தில் லோன் போட்டு வாங்கியது. சொந்த வீடு இருந்தால் பெண் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். பெண் வரவில்லை, தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. பிறகு ஏஜென்சியை மூடினார்கள். போன மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து, கப்பல் மேல் கப்பலாக ரத்தாக, தவணையும் நின்றது. ஒரு நாள் வந்து பார்த்தால் கதவில் நோட்டீஸ். அறுபது நாளில் பாக்கியைக் கட்டாவிட்டால் வீடு ஏலம்.

வங்கியில் அவன் விஷயத்தைப் பார்த்தது கார்த்திகா என்ற பெண். மெயின்லேண்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பாக்கியைப் பிரித்துப் பிரித்துக் கட்ட வழி இருக்கிறது என்றாள். வருமானத்துக்கு ஏதாவது காகிதம் வேண்டும் என்றாள். யோகராஜிடம் இருந்த ஒரே காகிதம் அந்த நோட்டீஸ். அவள் பெருமூச்சு விட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். "காகிதம் இல்லாதவங்களுக்கு இது. நீங்க அந்த வீட்டுலதான் இருக்கீங்க, இந்தத் தொழில்தான் செய்றீங்கன்னு உங்களத் தெரிஞ்சவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

யோகராஜுக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்தவர்களா! அன்றே கப்பலேறினான்.

ஹட் பேயில் ஒரே நாளில் நாற்பத்து மூன்று கையெழுத்து. அழகையா இரண்டு போட்டார், ஒன்று மனைவி வேலாயி சார்பில். பல் செட்காரர் அந்தப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போட்டார். சனிக்கிழமை காலை யோகராஜ் அந்தக் கத்தையைக் கார்த்திகாவின் மேஜையில், தலைவாழை இலை விரிப்பதுபோல் விரித்தான்.

அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, இது எல்லாம் ஹட் பே."

"ஆமா மேடம். ஊரே போட்டிருக்கு."

"படிவத்துலயே இருக்கு பாருங்க. வீட்டுல இருந்து நூறு மீட்டருக்குள்ள குடியிருக்கிற ரெண்டு பேர்."

"ஹட் பே எனக்குப் பக்கம்தான் மேடம்."

"நடுவுல கடல் இருக்குண்ணா."

"கடல்ல யாரும் குடியில்லயே. அப்படிப் பாத்தா அடுத்த வீடு அவங்கதான்."

கார்த்திகா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "நேத்து உங்க தெருவுக்குப் போயிட்டு வந்தேன். விசாரிக்கணும்ல. பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டேன். அது காலி மகான், ஆள் இல்லாத வீடுன்னு சொன்னாங்க. எப்பவாச்சும் விடியக்காலைல ஒருத்தர் வந்து பூட்டத் தொறப்பாரு, வாட்ச்மேனா இருக்கும்னாங்க."

யோகராஜ் கத்தையை அடுக்கினான். ஒழுங்காக அடுக்க வெகு நேரம் ஆயிற்று.

"திங்கக்கிழமை காலைல ஃபைல் மேல போயிடும்ணா. அதுக்குள்ள ரெண்டே ரெண்டு பேர்" என்றாள்.

ஒவ்வொரு வீடாகப் போகும் ஜெபராஜ் தன் கதவை மட்டும் ஒரு நாளும் தட்டாததற்குக் காரணம், ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் அவனுக்குப் புரிந்தது. காலி வீட்டில் யார் சீனி கேட்பார்கள்?

அன்று மதியம் வாசல் கதவை அகலத் திறந்துவைத்துப் படியில் உட்கார்ந்தான். ஊர் தேடி வரட்டும். ஸ்கூட்டர்கள் போயின. மீன்காரர் போனார். ஒருவர் மட்டும் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"பாய், கிராயா கித்னா?"

வாடகைக்கு இல்லை, சொந்த வீடு, குடியிருக்கிறோம் என்று யோகராஜ் இந்தியில் சொன்னான். 'ஹம் லோக்' என்று பன்மையில் சொன்னதை அவனே கவனித்தான். வந்தவர் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தார். பெண் வீட்டார் வந்தால் உட்கார வாங்கிய நாலு நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் சுவரோரம் நின்றன. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் சாய்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ எதையோ சொல்ல, இன்னொருவர் உரக்கச் சிரித்தார். யோகராஜ் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "நான் பக்கத்து வீட்டு யோகராஜ், ஒரு கையெழுத்து வேணும்" என்று சுவரிடம் சொல்லிப் பார்த்தான். முகம் தெரியாத ஆளுக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்? அவனே போடமாட்டான்.

அடுப்படிக்குப் போனான். சீனி டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. மூடியை அழுத்தி மூடிவிட்டு, டம்ளரைக் கழுவி, துடைத்து, எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

கதவைத் திறந்தது ஜெபராஜின் மனைவி ஆரோக்கியசெல்வி. "யாரு?"

"பக்கத்து வீடு."

அவள் அந்த வீட்டைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். "வாட்ச்மேனா?"

"ஆமா... இல்லக்கா. கொஞ்சம் சீனி கிடைக்குமா?"

"ஏ செல்வி, யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சீனி கேக்காரு."

"நம்மகிட்டயா? அட, உள்ள வரச் சொல்லு. அந்த நாற்காலிய இங்கிட்டுப் போடு."

ஆரோக்கியசெல்வி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "இருங்க, இப்ப வந்துடுறேன்."

"அவசரம் ஒண்ணும் இல்லக்கா" என்றான் யோகராஜ். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.