சோளத்தட்டைப் பிணம்

டேவிட்சனுக்கு வந்த பயம் கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. சென்னையிலும் கொச்சியிலும் சேலை கட்டி, இமைக்கு நீலம் தீட்டி, கூட்டத்துக்கு முன்னால் நிற்கும்போது எட்டிப் பார்க்காத பயம், சொந்தக் கரிசலில் ஆளில்லாத காட்டில் நிற்கும்போது வந்து ஒட்டிக்கொண்டது. அவன் பிறந்த குளத்தூர் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லைதான். ஆனாலும் அவன் அப்பா கிறிஸ்துராஜைத் தெரியாத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது.

"உச்சி வெயில்ல எவன்லே காட்டுக்கு வரப்போறான்? நீ அழு, நான் எடுக்கேன்" என்றான் சுடலைக்குமார்.

இருவருக்கும் சில வருஷமாக ஒரே வீடு, ஒரே தொழில், ஒரே பாய். டேவிட்சன் பெண்வேஷம் கட்டுவான், சுடலை படம் பிடிப்பான். கண்காட்சிக் கூடத்தில் மண்ணைக் குவித்து அதன்மேல் அந்தப் படத்தைப் புரொஜெக்டரில் ஓடவிடுவார்கள். இந்த முறை சோளத்தட்டையில் ஆள் உயரத்துக்குப் பொம்மை செய்து, டேவிட்சனின் சட்டை பேண்டையே மாட்டிவிட்டிருந்தார்கள். அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அவன் ஒப்பாரி வைக்க வேண்டும். வீட்டார் எதிர்பார்த்த மகன் செத்துப்போனான் என்று அர்த்தமாம். யோசனை எல்லாம் சுடலையுடையது, மூஞ்சி மட்டும் டேவிட்சனுடையது. எப்போதும் அப்படித்தான்.

ஐப்பசி பாதி கழிந்தும் ஒரு தூற்றல் இல்லை. காட்டுவேலை முடிந்து வண்டிப்பாதையில் வந்த பெண்கள், பொம்மையை இழுத்துக்கொண்டு மாரில் அடித்து அழுகிறவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார்கள்.

"நம்மூர்ல ஒருத்தனுக்கும் தோணல பாத்தியளா. அசலூர்க்காரவ வந்து கொடும்பாவி இழுக்காவ" என்றாள் முன்னால் நின்ற கல்யாணசுந்தரி.

மழை பொய்த்தால் கொடும்பாவி என்று ஒரு பொம்மையைத் தெருத்தெருவாக இழுத்து, அழுது, கடைசியில் எரிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோவில்பட்டி டவுனில் வளர்ந்த சுடலைக்கும், சபையே கதி என்று வளர்ந்த டேவிட்சனுக்கும் அது தெரியாமல் போனதுதான் வினை.

"இது ஷூட்டிங்க்கா" என்றான் சுடலை.

"என்னத்தையும் எடுத்துக்கோ தம்பி. இழுத்த கொடும்பாவியப் பாதியில போடப்பிடாது. ஊருக்குள்ள கொண்டுவந்து எரிச்சாத்தான் மழை பெய்யும்."

"எந்த ஊருக்கு?" என்று கேட்டான் சுடலை.

"எப்போதும்வென்றானுக்குத்தான்."

டேவிட்சனின் தங்கை இவாஞ்சலினைக் கட்டப்போகிற ஜேம்ஸ்ராஜுக்கு அதுதான் ஊர். வருகிற தையில் கல்யாணம். போன மாதம் நிச்சயத்துக்குப் போய் அந்த ஊர்த் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன் அவன். மெல்லிய குரல் ஒப்பாரிக்கு மட்டும்தான் வரும், வாய் திறந்து மறுத்தால் ஆண்குரல் காட்டிக்கொடுக்கும். ஓடினால் சேலை தடுக்கும். வேண்டாம் என்று சுடலைக்குத் தலையை ஆட்டிக் காட்டினான். மாப்பிள்ளை எந்த ஊர் என்று சுடலை ஒருநாளும் கேட்டதில்லை, நிச்சயத்துக்கு அவனை யாரும் அழைக்கவும் இல்லை. இப்படி ஒரு காட்சி யாருக்கு வாய்க்கும் என்று அவன் கேமராவை இறக்காமலே பின்னால் வந்தான்.

ஊருக்குள் அதைவிடப் பெரிய இடி. வீட்டுக்கு வீடு ஒரு குடம் தண்ணீரைப் பொம்மை மேலும் அழுகிறவள் மேலும் ஊற்றினார்கள். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற ஊர், இதற்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. முதல் குடத்தில் கண்மை போனது. அடுத்ததில் நீலம், பிறகு பவுடர், உதட்டுச் சாயம். நனைந்து கனத்த விக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இழுத்தான். தெரிந்துவிட்டால் என்ன செய்வார்கள்? அடிப்பார்களா? அடியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கல்யாணம் நின்றுபோனால் இவாஞ்சலின் முகத்தில் எப்படி விழிப்பது?

செல்போன் கடை வாசலில் ஜேம்ஸ்ராஜ் நின்றிருந்தான். போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். குனிந்து பார்த்தான். பார்த்தவுடன் அவன் கை தாழ்ந்தது.

"தெரிஞ்ச ஆளாப்பா?" என்றாள் கல்யாணசுந்தரி.

"இல்லக்கா. மெட்ராஸ்காரவ போல. நாடகத்துல நடிக்கிறவிய."

இதை ஊருக்கே கேட்கும்படி சொன்னான். பிறகு கயிற்றைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்து, டேவிட்சனின் காதருகே பேசினான்.

"இவாஞ்சலின நான் நல்லா வச்சுக்கிடுவேன். யார்ட்டயும் இதச் சொல்ல மாட்டேன். ஆனா கல்யாணத்துக்கு நீ வரப்பிடாது. அதுக்குப் பொறவும் எங்க வாசல்ல மிதிக்கப்பிடாது. சரியா?"

டேவிட்சன் சரி என்று தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வான்? எடுத்த படத்தை அழிப்பானா என்று பார்த்தான். ஜேம்ஸ்ராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் போய்விட்டான்.

"அழு தாயி, நிறுத்தாத" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

டேவிட்சன் அழுதான். வேஷத்துக்கென்று வைத்திருந்த மெல்லிய குரல் எங்கோ போய்விட, சொந்தக் குரலில் கதறினான். அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கல்யாணசுந்தரி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். தெருமுனையில் சுடலைக்குமார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.