காதுக்கு எது இனிமை?

காது குடைந்த பேனா மூடியை மேலாளர் அவள் மேசையில் வைத்தார். அதே விரலால் அவளுடைய கணினித் திரையைத் தொட்டார்.

"இங்க ஒரு கிரீடம் போடு. யார் ஜெயிச்சாங்கன்னு பார்த்ததும் தெரியணும்ல?"

திரையில் காதுக் குறும்பியின் தடம் ஒன்று விழுந்தது. அவள் காகிதம் ஒன்றைக் கிழித்து அதைத் துடைத்தாள்.

ஒப்பிடுவதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. இந்த மெத்தையா, அந்த மெத்தையா; காப்பியா, டீயா. எதை எடுத்தாலும் இணையப் பக்கத்தில் இரண்டு கட்டம், கட்டத்துக்குள் மார்க், ஜெயித்ததன் தலையில் கிரீடம். மனைவி சமையலுக்கே பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவர் மேலாளர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பத்துக்கு' என்றுதான் சொல்வார்கள். வாயே திறக்காத அவளுக்கு 'மியூட்' என்று பெயர்.

இப்போது மொழிகளின் முறை. அவள் பங்குக்கு ஜாவானியமும் கொங்கணியும் வந்தன.

வேதியியல் படித்தவள், ஒழுங்காகத் தேடிப் படித்து எழுதினாள். ஜாவானியம் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் பேசுவது, தீவு மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுகிறவர்கள் பல கோடி. பெரியவர்களிடம் பேச அதில் தனிச் சொற்களே உண்டு. கொங்கணி மராத்திக்குச் சொந்தம். பேசுகிறவர்கள் இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், எழுதவோ இடத்துக்கு ஒரு லிபி. இரண்டுக்கும் உறவும் இல்லை, பகையும் இல்லை.

மேலாளர் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "இதை எவன் படிப்பான்? குரல் போடு. கேட்டுட்டு ஓட்டுப் போடட்டும்."

அண்ணியின் தாய்மொழி கொங்கணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபின் அதைப் பேச அந்த வீட்டில் அண்ணிக்கு இருந்த ஒரே ஆள் கைக்குழந்தைதான். கேட்டதும் அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "என் பேச்சைக் கேக்கவும் ஒரு ஆளா! எடு, எடு." குழந்தையைத் தூங்க வைக்கும்போது ஒரு பதிவு. அது கஞ்சியை மூஞ்சியில் துப்பியபோது அண்ணி திட்டித் தீர்த்தது இன்னொன்று.

மாடி வீட்டில் குடியிருந்த கப்பல் சமையல்காரர் ஜாவானியம் பேசுகிறவர். அவரும் இரண்டு தந்தார். அம்மாவோடு போனில் பேசியது ஒன்று. தலையில் சோப்போடு நிற்கும்போது குழாய் நின்றுபோக, அவர் கத்தியது மற்றொன்று.

அன்புக்கு அன்பு, கோபத்துக்குக் கோபம். சோதனை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். நான்கையும் பெயரிட்டு மேலாளரிடம் கொடுத்தாள்.

மறுநாள் 'காதுக்கு எது இனிமை?' என்ற தலைப்பில் பக்கம் வந்தது. ஜாவானியக் கட்டத்தில், சமையல்காரர் தன் அம்மாவிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தார். கொங்கணிக் கட்டத்தில் அண்ணி குழந்தையைத் திட்டிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டையும் காணோம். கொங்கணிக்குப் பத்துக்கு மூன்று. கீழே வந்தவர் போனவரெல்லாம் எழுதியிருந்தார்கள்: தகர டப்பாவை உருட்டின மாதிரி. கேட்டதும் குமட்டுது. இவ புருஷன் பாவம்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு மேலாளரிடம் போனாள். "சார், ரெண்டும் ஒண்ணில்ல சார். ஒருத்தர் அம்மாகிட்ட பேசறாரு. இவங்க..."

"அட, மியூட்டுக்குக் குரல் வருதே!" அவர் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவி எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மென்றார். "ரெண்டு பேரும் கொஞ்சினா எவன் ஓட்டுப் போடுவான்? கூட்டம் அள்ளுது பார். உன் வேலையை நிரந்தரம் பண்ணிடறேன், போ."

வீட்டுக்குப் போனால் அண்ணன் அதைப் போட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். "உன் மொழி தோத்துப்போச்சுடி!" அண்ணி சிரிக்கவில்லை. குழந்தை அன்றும் கஞ்சியைத் துப்பியது. திறந்த வாயை மூடிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள் அண்ணி.

அண்ணன் எழுந்து போனதும் அவள் மெல்லச் சொன்னாள். "மாடி வீட்டுக்காரர் கத்தினதும் இருக்கு அண்ணி. அதை மாத்திப் போட்டா..."

"போட்டா? அவரைக் கேட்டுக் குமட்டுதும்பாங்க. உனக்கு இனிக்குமா?"

தன்மேலேயே எச்சில் தெறித்ததுபோல் அவளுக்குக் கூசியது.

"என் குரலை எடுத்துடு. அது போதும் எனக்கு."

"சார் விடமாட்டாரு அண்ணி."

"அப்ப நானே வந்து கேக்கறேன்."

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி வந்தே விட்டாள். "அந்தத் தகர டப்பா நான்தாங்க" என்றாள்.

மேலாளர் எழுந்து நாற்காலி போட்டார். "மேடம், உங்களாலதான் இவ்வளவு கூட்டம்!"

"எடுத்துடுங்க."

"எதுக்கு? ரெண்டாவது சுற்று வெச்சிடலாம். இப்ப இனிமையா நாலு வார்த்தை பேசுங்க, மார்க்கை ஏத்திடறேன்." பதிவை ஓடவிட்டு, போனை அண்ணியின் வாயருகே நீட்டினார். "வெக்கப்படாதீங்க. கொஞ்சுங்க."

அண்ணி முகத்தைத் திருப்பினாள். போன் கூடவே திரும்பியது. குழந்தை வீறிட்டு அழுதது. "அழட்டும், அழட்டும். நல்லா விழுது" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய.

அவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள், அழித்தாள். நான்கு பதிவுகளையும் தேடித்தேடி அழித்தாள்.

பக்கம் அழிந்துபோன செய்தி மேலாளரின் திரையில் மின்னியது. நீட்டிய கை நீட்டியபடியே அவளைப் பார்த்தார். "என்ன பண்ணே? திமிரா? நாளையிலருந்து இந்தப் பக்கமே வராதே!"

"சரி சார்." எழுந்து போய் அவர் கையிலிருந்த போனை உருவினாள். வியர்வையில் பிசுபிசுத்தது. செத்த கரப்பானைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் பிடித்து, அதில் ஓடிக்கொண்டிருந்த பதிவையும் நிறுத்தி அழித்தாள்.

"அழிச்சாலும் உள்ள ஒரு இடத்துல தங்கும் சார்" என்று சொல்லி, அங்கேயும் போய் அழித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

விரலைத் துடைக்க மேசைமேல் கிடந்த அவருடைய கைக்குட்டைப் பக்கம் கை போனது. அதன் நிறத்தைப் பார்த்ததும் கையை இழுத்துத் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டாள்.

"வாங்க அண்ணி" என்றாள்.