லாபம், ரெண்டு, மூணு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். அந்தக் கோபத்தால் ஒரு வீட்டைக் குழிக்குள் தள்ளப் பார்த்தேன். தள்ளாமல் போனதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது படைத்தவனுக்கும், சின்னான் என்கிற மனிதருக்கும், ஒரு டம்ளர் அரிசிக்கும்.

என் பெயர் ஷைமா. கோயமுத்தூர் உக்கடத்துக்காரி. கட்டடம் எழுப்பும் முன்னால் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று துளை போட்டுப் பார்த்து எழுதிக் கொடுக்கும் இன்ஜினியர். மண் பரிசோதனை என்று சொன்னதும், 'எங்க தோட்டத்து மண்ணுக்குத் தென்னை வருமுங்களா?' என்று கேட்காத ஆள் பொள்ளாச்சிப் பக்கம் ஒருத்தர் இல்லை. தென்னை வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. அந்த மண் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதுதான் என் வேலை.

சிங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளமான தெரு. ஒரு மணி நேரம் மழை அடித்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அங்கே இருக்கும் விளையாட்டு மைதானத்துக்கு அடியில் மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு பெரிய தொட்டி கட்டத் திட்டம். தொட்டி முழுக்கப் பூமிக்குள். மேலே மூடி மண் போட்டுவிட்டால் பிள்ளைகள் வழக்கம்போலக் கிரிக்கெட் ஆடலாம். அதற்கு ஐந்தரை மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்து, தோண்டலாமா, எப்படித் தோண்டலாம் என்று சொல்வது என் பொறுப்பு.

மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு வீடு. செவ்வந்தியின் வீடு. தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவள். புருஷன் போன பிறகு தனி ஆளாக நின்று அந்த ஓட்டு வீட்டைக் கட்டிக்கொண்டாள். அதன் பின்சுவருக்கும் தோண்டப்போகிற குழிக்கும் இடையில் எட்டடிகூடக் கிடையாது. முதல் நாளே என் குடையைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

"ஏனுங்க மேடம், குழி தோண்டுனா என்ர ஊட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே? எனக்கு இருக்கறது இந்த ஒரு ஊடுதானுங்க."

"பாத்துட்டுத்தாங்க சொல்லுவோம். அதுக்குத்தானே வந்திருக்கோம்," என்றேன். எவ்வளவு பெரிய பேச்சு, பாருங்கள்.

பார்க்கிற முறை எளிதுதான். மூன்று கால் நாட்டி, துளைக்குள் ஒரு இரும்புக் குழாயை இறக்கி, அதன் தலையில் அறுபத்து மூன்றரை கிலோ சம்மட்டியை விட்டுக்கொண்டே இருப்போம். குழாய் பதினைந்து சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ண வேண்டும். அதேபோல மூன்று தடவை. நிறைய அடி வாங்கினால் கெட்டி மண். ஐம்பது அடிக்கும் அசையவில்லை என்றால் பாறை. ஆட்கள் அடிகளை வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு, கடைசி எண்ணை மட்டும் கத்திச் சொல்வார்கள். டீசல் இன்ஜின் சத்தத்தில் அது ஒன்றுதான் காதில் விழும். நான் எழுதிக்கொள்வேன்.

முதல் இரண்டு துளைகளிலும் எண்ணியது ரூபன். ஒன், டூ, த்ரீ என்று இங்கிலீஷில் எண்ணுவான். இரண்டிலும் நாலரை மீட்டரில் பாறை தட்டியது. பாறை தட்டினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது எங்கள் ஏற்பாடு. ரூபன் சம்மட்டியை விட்டுவிட்டு, "பாறைங்க மேடம்! நமக்கு லாபம்! நேரமே ஊட்டுக்குப் போலாம்!" என்று கூத்தாடினான். நானும் சிரித்தேன்.

மூன்றாவது துளை கிழக்கு ஓரத்தில், செவ்வந்தி வீட்டுக்குப் பக்கத்தில். அன்றைக்கு ரூபன் வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல். எண்ணுகிற வேலையைச் சின்னான் எடுத்துக்கொண்டார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். எங்களிடம் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு நெல் மண்டியில் மூட்டை தூக்கி, நெல் அளந்துகொண்டிருந்தவர். பேச்சு குறைவு. நான் வேறு கத்திக் கத்தி அதையும் குறைத்து வைத்திருந்தேன்.

ஒன்றரை மீட்டரில் அவர் கத்திய எண்கள் சரியாக இருந்தன. மூன்று மீட்டரிலும் அப்படியே. நாலரை மீட்டருக்குக் குழாய் இறங்கும்போது நான் வேப்பமரத்தடியில் நவநீத்துடன் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நவநீத்தான் தொட்டியை வடிவமைப்பவன். ரிப்போர்ட் எங்கே, ரிப்போர்ட் எங்கே என்று காலையிலிருந்து நாலாவது போன். அப்போது சின்னான் கத்தினார்.

"லாபம்!"

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "லாபம்!" மூன்றாவது தடவையும், "லாபம்!"

அப்பாடா, இங்கேயும் பாறை என்று நினைத்தேன். விழுந்தது ஐம்பது அடியா மூன்று அடியா என்று நான் காது கொடுக்கவே இல்லை. நாலரை மீட்டருக்கு நேரே 'பாறை' என்று எழுதினேன்.

"போதும், தூக்கிருங்க!"

சின்னான் சம்மட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தயங்கி நின்றார். "போதுங்களா அம்மணி? இன்னும் சித்த எறக்கிப் பாத்தரலாமுங்களே..."

"போதும்னா போதுங்கண்ணா! ஒரு தடவை சொன்னா உங்களுக்குக் கேக்காதா?"

அவர் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ரிப்போர்ட் போனது. மூன்று பக்கமும் நாலரை மீட்டரில் பாறை, அதற்கு மேலே கெட்டி மண். அதை வைத்து நவநீத், கிழக்குப் பக்கம் குழியை நேர்செங்குத்தாக வெட்டலாம், தடுப்பு எதுவும் வேண்டாம் என்று வரைந்தான். குற்றம் சொல்ல முடியாது. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் வரைந்தான்.

செப்டம்பர் கடைசியில் தோண்ட ஆரம்பித்தார்கள். அதே நாளில் நாங்களும் அங்கே இருந்தோம், மைதானத்துக்கு வரும் குழாய்ப் பாதைக்கு இன்னொரு துளை போட. அதற்கும் ஒரு நன்றி. ஒரு நாள் தள்ளியிருந்தால் இந்தக் கதையை வேறு யாராவது வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். மதியத்துக்குள் பொக்லைன் மேற்குப் பக்கத்தை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிவிட்டது. சாப்பிட்டு வந்ததும் கிழக்குப் பக்கம் என்று நவநீத் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினான்.

எங்கள் ஆட்கள் செவ்வந்தி வீட்டு வாசலில்தான் சமைப்பார்கள். அடுப்பு அவளுடையது, அரிசி எங்களுடையது. அன்றைக்குச் சமையல் முறை சின்னானுக்கு. அவர் அரிசிப் பையைப் பிரித்து, டம்ளரில் அள்ளிப் பானையில் போட்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து காலணியில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தேன்.

"லாபம்," என்றார் சின்னான், அரிசியிடம் பேசுகிற மாதிரி. இன்னொரு டம்ளர். "ரெண்டு." இன்னொன்று. "மூணு. நாலு."

குச்சி அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணா, இப்ப என்ன சொன்னீங்க?"

"நாலு டம்ளர் போதாதுங்களா?"

"அதில்லீங்க. மொதல்ல. மொத டம்ளருக்கு என்ன சொன்னீங்க?"

"லாபமுங்க." நான் ஏதோ வம்புக்கு வருகிறேன் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். "நெல்லு அளக்கறப்ப ஒண்ணுன்னு சொல்ல மாட்டமுங்க. மொத அளவைக்கு லாபமுன்னுதான் சொல்றது. அப்பறம் ரெண்டு, மூணு. மண்டியில பழகுன வாயிங்க, எதை எண்ணுனாலும் அப்படித்தான் வருது."

குச்சியைக் கீழே போட்டேன். "அன்னிக்கு இந்த ஊட்டுக்குப் பின்னால எண்ணுனீங்களே... லாபம், லாபம், லாபமுன்னு..."

"ஆமாங்க. ஒரே அடிக்கு ஒரு அளவு எறங்கிப்போச்சு. மூணு தடவையும் ஒவ்வொரு அடிதானுங்க. அல்வாவுல கத்தி எறங்குன மாதிரிப் போச்சுங்க. அதனாலதான் இன்னும் எறக்கலாமான்னு கேட்டனுங்க. நீங்க..." அவர் டம்ளரை அரிசிப் பைக்குள் போட்டார்.

ஒன்று. ஒன்று. ஒன்று. அந்த இடத்தில் பாறை இல்லை, மண்கூட இல்லை, கஞ்சி இருந்திருக்கிறது. நான் அதற்குப் பாறை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துப் பொக்லைன் உறுமியது. டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ஒரு கால் செருப்பு வாசலிலேயே கிடந்தது. சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். தலைக்கு மேலே பக்கெட் ஆடி நின்றது. டிரைவர் என்னையும் என் பரம்பரையையும் திட்டினார். திட்டட்டும். நவநீத் ஓடி வந்தான்.

"என்னங்க மேடம், பைத்தியமா புடிச்சிருக்குது?"

"நிறுத்தச் சொல்லு, நவநீத். இங்க பாறை இல்ல. நான் தப்பா எழுதிட்டேன்."

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். என் தப்புத்தான். எழுதித் தாரேன், எங்க வேணும்னாலும் காட்டு. இப்ப மிஷினை நிறுத்து."

பதிமூன்று வருஷ வேலையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாய் கசந்தது. நவநீத் நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றான். ஒரு நாள் நின்றால் ஆயிரம் பேர் கேள்வி கேட்பார்கள் என்று முணுமுணுத்தான். அப்போது சின்னான் வந்தார். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

"இதைப் பாருங்க சார். அன்னிக்குக் கொழாயில வந்த மண்ணு. பாறைன்னு எழுதியிருக்குது, அப்பறம் மண்ணுப் பை எதுக்குன்னு லேப்புல திருப்பிக் குடுத்துப்போட்டாங்க. சீட்டு ஒட்டுன பையை எப்படி வீசறதுன்னு டூல்ஸ் பெட்டியிலயே போட்டு வெச்சிருந்தனுங்க."

முடிச்சை அவிழ்த்தேன். அழுகல் வாடை குப்பென்று வந்தது. கன்னங்கரேலென்று சேறு. அதற்குள் ஒரு விரல் நீளத்துக்குத் தேங்காய்நார்க் கயிறு. பாறைக்குள் கயிறு இருக்காது. நவநீத் பையைப் பார்த்தான், செவ்வந்தி வீட்டுப் பின்சுவரைப் பார்த்தான். டிரைவரிடம் திரும்பிச் சாவியை எடுக்கச் சொன்னான். அவனுக்கும் இந்த இடத்தில் ஒரு நன்றி. எட்டு வருஷமாகச் சண்டை போடுகிறோம், அந்த நன்றியை இன்றுவரை அவனிடம் நேரில் சொன்னதில்லை.

சாயங்காலத்துக்குள் மூன்று காலைத் தூக்கி வந்து பழைய துளைக்குப் பக்கத்திலேயே நாட்டினோம். இந்தத் தடவை நான் மரத்தடிக்குப் போகவில்லை. போனையும் அணைத்துவிட்டேன். மேலே மூன்று மீட்டருக்கு உடைந்த செங்கல்லும் கெட்டி மண்ணும். அதற்குக் கீழே நாலரை மீட்டரில் குழாயை இறக்கினார்கள். சம்மட்டி விழுந்தது. சின்னான் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, வேப்பெண்ணெய் குடித்தவர்போல, "ஒண்ணுங்க," என்றார்.

"லாபமுன்னே சொல்லுங்கண்ணா," என்றேன். "எனக்கு இனிமேப் புரியும்."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "லாபம்!" என்றார் அடுத்த அடிக்கு. ஆறு மீட்டரிலும் லாபம். ஏழரை மீட்டரிலும் லாபம். ஒன்பது மீட்டரில்தான் எண்ணிக்கை ஐம்பதைத் தொட்டது. சுற்றி இன்னும் நாலு துளை போட்டதில் விஷயம் தெளிவானது. பழைய தோட்டத்துக் கிணறு. எந்தக் காலத்திலோ குப்பையும் தழையும் போட்டு நிரப்பி, மேலே செங்கல் கொட்டி மூடிவிட்டிருக்கிறார்கள். மைதானத்து ஓரத்திலிருந்து செவ்வந்தியின் சமையலறைக்கு அடி வரைக்கும் வட்டமாகக் கிடந்தது. பொக்லைன் அதன் பக்கவாட்டை ஒரு வாய் கடித்திருந்தால் கிணற்றுச் சேறெல்லாம் குழிக்குள் வந்து கொட்டியிருக்கும். பின்னாலேயே வீடும் வந்திருக்கும். அந்த நேரத்தில் செவ்வந்தி உள்ளே ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் வாசலில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்பதற்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை. செவ்வந்தி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தண்ணீர் கொண்டு வந்தாள். என் இன்னொரு செருப்பைக் கழுவி வைத்திருந்தாள்.

சின்னான் தள்ளி நின்று தலையைச் சொறிந்தார். "எல்லாம் என்ர வாயால வந்த கெரகமுங்க அம்மணி. அன்னிக்கு ஒண்ணுன்னே சொல்லியிருந்தா இந்தத் தொல்லையே இல்லீங்க."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா சரிதாங்கண்ணா. ஆனா இன்னிக்கு அரிசிக்கும் ஒண்ணுன்னு சொல்லியிருந்தீங்கன்னா?"

அவர் யோசித்தார். "ஊடு போயிருக்குமுங்க," என்றார் மெதுவாக.

"அன்னிக்கு நீங்க இன்னும் எறக்கலாமான்னு கேட்டீங்க. நான்தான் கத்துனேன். மன்னிச்சுக்கங்க."

"அட, உடுங்க அம்மணி. நீங்க கத்தாத நாளு எனக்குப் பொழுதே போகாதுங்க," என்றார். அந்த ஆளுக்குக் கிண்டல் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆபீசில் எனக்கு ஓலை வந்தது, விளக்கம் கேட்டு. உள்ளது உள்ளபடி எழுதினேன், 'லாபம்' உட்பட. இரண்டு மாதம் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்கள். போகட்டும். நவநீத் தொட்டியை மேற்கே நகர்த்தி, கிழக்குப் பக்கம் இரும்புத் தகடுகள் இறக்கித் தடுப்புப் போட்டு, கிணற்றுக்குள் சிமென்ட் பால் ஏற்றி, எல்லாவற்றையும் புதிதாக வரைந்தான். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தபோதும் ஓட்டு வீட்டில் ஒரு விரிசல் விழவில்லை.

அந்தத் திருத்திய ரிப்போர்ட்டைச் செவ்வந்தி வாசலில் உட்கார்ந்துதான் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: குழி சரிந்தால் பாதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை. முதல் ரிப்போர்ட்டில் நான் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டிருந்தேன். பேனாவைத் திறந்துகொண்டு சின்னானைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இங்க எத்தனை ஊடுங்க? எண்ணிச் சொல்லுங்க."

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் விரலை நீட்டினார். வாசலில் செவ்வந்தி யாருடைய சட்டையையோ உதறித் தேய்ப்புப் பலகையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"லாபம்," என்றார் சின்னான்.